ஐஸ் டம்ளர், கேஸ் சிலிண்டர், சுண்ணாம்புக் காளவாய்: நிலைமை விதி கேள்வி-பதில்

வந்த கேள்விகளில் நிலைமை விதி சம்பந்தப்பட்டவற்றை மட்டும் இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொண்டேன். விதி ஒரே வரிதான்: சுதந்திர எண் = கூறுகள் − நிலைமைகள் + 2. நிலைமை என்றால் திண்மம், திரவம், ஆவி மாதிரித் தனியாகப் பிரிந்து நிற்கும் பகுதி. கூறுகள் என்றால் அமைப்பை விவரிக்கத் தேவையான குறைந்தபட்சப் பொருள்களின் எண்ணிக்கை. சுதந்திர எண் என்றால், நிலைமைகள் மாறாமல் நாம் இஷ்டப்படி வைக்கக்கூடிய வெப்பநிலை, அழுத்தம், இயைபு (கலவையில் எது எவ்வளவு) போன்றவற்றின் எண்ணிக்கை. தகராறு எல்லாம் எண்ணுவதில்தான் வருகிறது.

அந்த +2 எங்கிருந்து வந்தது? கேட்டால் "மனப்பாடம் செய்துகொள்" என்கிறார்கள். (பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு மாணவி)

மனப்பாடம் வேண்டாம், ஒரு சின்னக் கணக்கு போதும். மூடிய பாத்திரத்தில் எத்தனாலும் தண்ணீரும் கலந்த திரவம், அதன் மேலே அவற்றின் ஆவி. காற்று இல்லை. இந்த அமைப்பை முழுதாக விவரிக்க எத்தனை எண்கள் வேண்டும்? திரவத்தில் எத்தனாலின் பங்கு ஒன்று (மீதி தண்ணீர் என்பதால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டாம்). ஆவியில் எத்தனாலின் பங்கு இன்னொன்று. அப்புறம் வெப்பநிலை, அழுத்தம். ஆக 4.

சமநிலை என்றால், எத்தனாலின் கெமிக்கல் பொட்டென்ஷியல் (ஒரு நிலைமையை விட்டு இன்னொன்றுக்குப் போக அதற்கு உள்ள உந்துதல்) திரவத்திலும் ஆவியிலும் ஒன்றாக இருக்க வேண்டும். அது ஒரு சமன்பாடு. தண்ணீருக்கும் அப்படியே இன்னொன்று. 4 தெரியாத எண்கள், 2 சமன்பாடுகள், மிச்சம் 2. விதியில் போட்டுப் பாருங்கள்: 2 − 2 + 2 = 2. ஆக, அந்த +2 வெப்பநிலையும் அழுத்தமும்தான். உலோகக் கலவை மாதிரி ஆவியைக் கணக்கில் எடுக்காமல், அழுத்தம் மாறாமல் வைத்து வேலை செய்யும்போது +1 என்று போடுவதும் இதனால்தான். அது வேறு விதி இல்லை. ஒரு எண்ணை நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.

இதே பாத்திரத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. எடையில் 95.6 சதவீதம் எத்தனால் இருக்கும்போது ஆவியின் இயைபும் திரவத்தின் இயைபும் ஒன்றாகிவிடுகின்றன. இரண்டும் சமம் என்பது கூடுதலாக ஒரு சமன்பாடு, ஆகவே சுதந்திரம் ஒன்று குறைகிறது. ஒரு வளிமண்டல அழுத்தத்தில் 78.2 டிகிரியில், சுத்தப் பொருள் மாதிரி இயைபு மாறாமல் கொதிக்கும். சாதாரண வடித்தலில் அதற்கு மேல் எத்தனாலைத் தூய்மையாக்க முடியாமல் போவது இங்கேதான்.

இந்த நிலைமை விதியை அமெரிக்க அறிவியலாளர் கிப்ஸ் 1875 முதல் 1878 வரை கனெக்டிகட் அகாடமியின் வெளியீட்டில் எழுதினார். அப்போது யேல் பல்கலைக்கழகத்தில் அவர் சம்பளமில்லாப் பேராசிரியர். யாரும் எளிதில் படிக்க முடியாத நடை வேறு. டச்சு இயற்பியலாளர் வான் டெர் வால்ஸ் சுட்டிக்காட்டி, டச்சு வேதியியலாளர் ரோசபூம் ஆய்வகத்தில் பயன்படுத்திக் காட்டிய பிறகுதான் வேதியியலாளர்கள் இதைக் கையில் எடுத்தார்கள்.

ஐஸ் போட்ட டம்ளரில் பனி, நீர், நீராவி மூன்றும் இருக்கின்றன. அப்படியானால் அது முப்புள்ளிதானே, அதாவது மூன்றும் சமநிலையில் சேர்ந்திருக்கும் புள்ளி? ஆனால் முப்புள்ளி அழுத்தம் சுமார் 4.6 மி.மீ. பாதரசம் என்று புத்தகம் சொல்கிறது. மேசை மேல் 760 மி.மீ. அல்லவா இருக்கிறது?

வந்ததிலேயே எனக்குப் பிடித்த கேள்வி இது. நீங்கள் எண்ணாமல் விட்ட ஆள் காற்று. டம்ளரை மூடிவைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஒரு கூறு, காற்று இன்னொரு கூறு (காற்றே ஒரு கலவைதான் என்றாலும் இங்கே ஒன்றாக எடுத்துக்கொண்டால் குடி முழுகிவிடாது). நிலைமைகள் மூன்று: பனிக்கட்டி, காற்று கொஞ்சம் கரைந்த நீர், ஈரமான காற்று. 2 − 3 + 2 = 1. அந்த ஒரே சுதந்திரத்தையும் வெளி அழுத்தம் ஒரு வளிமண்டலம் என்று சொல்லிச் செலவழித்துவிட்டோம். அதனால் வெப்பநிலை தானாக 0 டிகிரியில் நின்றுவிடுகிறது.

காற்றே இல்லாமல், தண்ணீர் மட்டும் இருந்தால் கணக்கு 1 − 3 + 2 = 0. எதையும் நாம் தீர்மானிக்க முடியாது. வெப்பநிலை 0.01 டிகிரி, அழுத்தம் 612 பாஸ்கல் வாக்கில். இயற்கை கொடுத்த எண்கள், பேரம் கிடையாது. இந்தப் பிடிவாதத்தை நம்பித்தான் 1954 முதல் 2019 வரை கெல்வின் அலகையே நீரின் முப்புள்ளியை வைத்து வரையறுத்திருந்தார்கள்: 273.16 கெல்வின்.

அதற்கான கருவி பார்க்க எளிமையானது. மூடி ஒட்டிய கண்ணாடிக் குடுவை, நடுவே சோதனைக்குழாய் மாதிரி உள்நோக்கிப் போகும் ஒரு குழி. உள்ளே காற்றை நீக்கிய மிகத் தூய நீர். குழிக்குள் உலர்பனியை (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) போட்டால் குழியைச் சுற்றி நீரில் ஒரு பனி உறை வளரும். பிறகு குழியில் வெப்பமானியை இறக்கினால் 0.01 டிகிரி. உறை கொஞ்சம் தடித்தாலும் மெலிந்தாலும் எண் மாறாது. எந்த நிலைமை எவ்வளவு இருக்கிறது என்பது விதிக்குப் பொருட்டே இல்லை, இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான்.

சரி, 0.01-க்கும் 0-க்கும் உள்ள அந்த நூலிழை வித்தியாசம்? முக்கால் பங்கு, காற்றின் அழுத்தம் பனியின் உருகுநிலையைக் கீழே தள்ளுவதால் வருவது. கால் பங்கு, காற்று நீரில் கரைவதால்.

கால்சியம் கார்பனேட் சிதையும்போது கூறுகள் இரண்டு, அம்மோனியம் குளோரைடு சிதையும்போது ஒன்று என்கிறார்கள். இரண்டிலும் ஒரு பொருள் இரண்டாகத்தானே பிரிகிறது? (ஆசிரியர் தேர்வுக்குத் தயாராகிறவர்)

கேள்வித்தாள் தயாரிப்பவர்களுக்கு இது பிடித்த இடம். இரண்டிலும் பொருள்கள் மூன்று, வினை ஒன்று. 3 − 1 = 2 என்பது வரை இரண்டும் ஒரே பாதை. வெற்றுக் குடுவையில் அம்மோனியம் குளோரைடை மட்டும் போட்டுச் சூடாக்கினால் அம்மோனியாவும் ஹைட்ரஜன் குளோரைடும் சம அளவில் வரும், இரண்டும் ஒரே வாயுக் கலவையில் இருக்கும். அந்த நிலைமையின் இயைபு பாதிக்குப் பாதி என்று கட்டுப்பட்டுவிட்டது. இன்னொன்றைக் கழித்தால் கூறு 1. கூடுதலாகக் கொஞ்சம் அம்மோனியா விட்டுப் பாருங்கள், கட்டு அவிழ்ந்து மறுபடி 2 ஆகிவிடும்.

கால்சியம் கார்பனேட்டிலும் சுட்ட சுண்ணாம்பும் கார்பன் டை ஆக்சைடும் சம மோல்கள்தான். ஆனால் ஒன்று திண்மம், மற்றது வாயு. தனித்தனி நிலைமைகளில் உட்கார்ந்திருக்கும் இரண்டும் சம அளவு என்பது எந்த நிலைமையின் இயைபையும் கட்டுப்படுத்தாது. அதனால் கூறு 2, நிலைமை 3, சுதந்திரம் 1.

சந்தேகம் வந்தால் காளவாயைக் கேளுங்கள். கூறு 1 என்று வைத்தால் சுதந்திரம் பூஜ்யம். அதாவது மூன்றும் சேர்ந்து இருப்பது ஒரே ஒரு வெப்பநிலையில்தான் என்று ஆகும். உண்மையில் ஒவ்வொரு வெப்பநிலைக்கும் ஒரு வாயு அழுத்தம் இருக்கிறது, 900 டிகிரி வாக்கில் அது ஒரு வளிமண்டலத்தைத் தொடுகிறது. கிளிஞ்சல் சுடுகிறவர்கள் காற்றோட்டம் விட்டு வாயுவை வெளியேற்றிக்கொண்டே இருப்பதால் சமநிலை எட்டுவதே இல்லை, சிதைவு நிற்காமல் நடக்கிறது.

வீட்டு கேஸ் சிலிண்டரில் ஒரு அழுத்தமானி மாட்டினால் எவ்வளவு கேஸ் மிச்சம் என்று தெரிந்துவிடாதா? (இல்லத்தரசி)

தெரியாதுங்க. உள்ளே திரவமும் ஆவியும் சேர்ந்து இருக்கின்றன. ஒரே பொருள் என்று வைத்துக்கொண்டால் 1 − 2 + 2 = 1, அந்த ஒன்று வெப்பநிலை. சிலிண்டர் நிறைந்திருந்தாலும், அடியில் ஒரு கரண்டி திரவம் மட்டும் இருந்தாலும், அதே வெப்பநிலையில் அதே அழுத்தம். கடைசிச் சொட்டு ஆவியான பிறகுதான் முள் சரியத் தொடங்கும், அதற்குள் சாம்பார் பாதியில் நின்றிருக்கும்.

முழு நேர்மையாகச் சொன்னால், எல்.பி.ஜி. ஒரே பொருள் இல்லை. புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. அதனால் சுதந்திரம் 2, இயைபுக்கும் பங்கு உண்டு. புரொப்பேன் முந்திக்கொண்டு ஆவியாவதால் அழுத்தம் மெல்ல இறங்கும். ஆனால் காலைக்கும் மதியத்துக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசம் அந்த இறக்கத்தை எளிதில் மறைத்துவிடும். எடை போடுவதுதான் வழி. சிலிண்டரில் காலி எடை பொறித்திருக்கும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானில் அழுத்தமானி இல்லாததும், அதை எடை போட்டுச் சோதிப்பதும் இதே காரணத்தால்தான்.

கந்தகத்தின் சாய்சதுர, ஒற்றைச்சரிவு வடிவங்கள், திரவம், ஆவி நான்கும் ஒன்றாக இருக்க முடியுமா?

சமநிலையில் முடியாது. 1 − 4 + 2 = −1. சுதந்திரம் கழித்தலில் போனால், இல்லாத ஒன்றைக் கேட்கிறீர்கள் என்று பொருள். கந்தகத்தின் வரைபடத்தில் மும்மூன்றாகச் சேரும் புள்ளிகள் மட்டுமே உண்டு.

குல்பிக்கு ஐஸில் உப்பு எவ்வளவு போட்டால் எவ்வளவு குளிரும்? நிறையப் போட்டால் −40 போகுமா?

போகாது. உப்பு, பனிக்கட்டி, கரைசல் மூன்றும் இருக்கையில் அழுத்தம் நிலையாக இருப்பதால் 2 − 3 + 1 = 0. சாப்பாட்டு உப்புக்கு அந்தப் புள்ளி −21.1 டிகிரி, கரைசலில் 23.3 சதவீத உப்பு. ஒரு மூட்டை கொட்டினாலும் அதற்குக் கீழே இறங்காது, அதிகப்படி உப்பு அடியில் சும்மா கிடக்கும். ஒரு பங்கு உப்புக்கு மூன்று பங்கு ஐஸ் போதும்.

விடுதியில் ஒருமுறை கையால் சுற்றும் ஐஸ்கிரீம் வாளியில், ஐஸை உடைக்காமல் பெரிய பெரிய கட்டியாகப் போட்டு உப்பை மேலே தூவினோம். முக்கால் மணி நேரம் சுற்றியும் பால் பாலாகவே இருந்தது. உப்பு கட்டிகளின் இடுக்கு வழியே அடியில் இறங்கிவிட, மேலே வெறும் ஐஸ். விதி என்னவோ சரிதான், சமநிலைக்கு நாங்கள் வழிவிடவில்லை. ஐஸைப் பொடியாக உடைத்து, ஒரு அடுக்கு ஐஸ் ஒரு அடுக்கு உப்பு என்று போடுங்கள்.

டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். 60/40 சால்டருக்கும் 63/37 சால்டருக்கும் மூன்று சதவீதம்தானே வித்தியாசம், ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

சால்டர் என்பது கம்பிகளை ஒட்டவைக்க உருக்கும் வெள்ளீய-ஈயக் கலவை, முதல் எண் வெள்ளீயத்தின் சதவீதம். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும், ஈயம் 327-இல். இரண்டையும் 63-க்கு 37 என்ற விகிதத்தில் சேர்த்தால் 183-லேயே உருகிவிடும், அதுதான் யூடெக்டிக் கலவை, அதாவது இரண்டையும் சேர்த்ததில் மிகக் குறைந்த வெப்பநிலையில் உருகும் கலவை. ஆறும்போது திரவத்திலிருந்து ஈயம் மிகுந்த படிகமும் வெள்ளீயம் மிகுந்த படிகமும் ஒரே நேரத்தில் விழும். 2 − 3 + 1 = 0 என்பதால் முழுதும் உறையும் வரை வெப்பநிலை அசையாது. 60/40-இல் 188 டிகிரி வாக்கிலேயே ஈயம் மிகுந்த படிகங்கள் மட்டும் முதலில் வரத் தொடங்கும். அப்போது நிலைமை இரண்டு, சுதந்திரம் ஒன்று, வெப்பநிலை 183 வரை நழுவிக்கொண்டே இறங்கும். அந்த இடைவெளியில் சால்டர் கூழ் மாதிரி இருக்கும். அந்த நேரம் கம்பியோ கையோ ஆடினால் மங்கலாக, சொரசொரப்பாக ஒரு ஜாயிண்ட் கிடைக்கும். இன்றைக்கு வேலை செய்யும், நாலு மாதம் கழித்து அதே டிவி திரும்பி வரும்.

கை நிதானம் உள்ளவருக்கு 60/40 போதும். பொடிப் பொடியான பாகங்களில் வேலை என்றால் 63/37 வாங்குங்கள். இரண்டிலும் ஈயம் இருக்கிறது, டீ குடிக்கும் முன் கை கழுவிவிடுங்கள்.