15 மில்லிமீட்டர் வெட்டு: டூன் பகி மாடல் கேள்வி பதில்

டூன் பகி என்பது மணல்மேடுகளில் ஓட்டும் திறந்த கார். அதன் மாடல் கட்டுவது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை. அதிகம் பேர் கேட்டிருப்பது மேயர்ஸ் மேங்ஸ் என்ற பகி பற்றி. நானும் அதைத்தான் திரும்பத் திரும்பக் கட்டியிருக்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

செந்தில், கோயம்புத்தூர்: அண்ணா, மேங்ஸ் கிட் எங்கேயும் கிடைக்கவில்லை. டமியா கம்பெனியின் 1/24 அளவு (நிஜத்தில் 24இல் ஒரு பங்கு) ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார் கிட் மட்டும் கையில் இருக்கிறது. அதை வைத்து ஏதாவது செய்யலாமா?

தம்பி, இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. நிஜ மேங்ஸும் பீட்டிலின் வயிற்றிலிருந்து வந்ததுதான். கலிஃபோர்னியாவின் நியூபோர்ட் பீச்சில் புரூஸ் மேயர்ஸ் என்பவர் 1964இல் முதல் வண்டியை ஃபைபர்கிளாஸில் செய்தார். அவர் படகு கட்டிப் பழகிய கை. முதல் பன்னிரண்டு வண்டிகளுக்குத் தனியாகச் சட்டகம் இல்லை, ஃபைபர்கிளாஸ் உடலேதான் சட்டகம். அதற்குச் செலவு கட்டுப்படியாகவில்லை. அப்புறம்தான் பழைய பீட்டிலின் தரைத்தட்டை வெட்டிக் குறுக்கி, அதன்மேல் ஃபைபர்கிளாஸ் தொட்டியை போல்ட் போட்டு மாட்டும் முறைக்கு வந்தார். நாமும் அதையே சின்ன அளவில் செய்யப்போகிறோம்.

கணக்கு இதுதான். தரைத்தட்டில் வெட்டியெடுத்தது பதினாலேகால் அங்குலம், அதாவது 362 மில்லிமீட்டர். 24ஆல் வகுத்தால் 15 மில்லிமீட்டர். பீட்டிலின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 2400 மில்லிமீட்டர், மாடலில் சரியாக 100. வெட்டிய பிறகு 85 நிற்க வேண்டும்.

எங்கே வெட்டுவது? முன் இருக்கைக்குப் பின்னால், தட்டு மேலே எழும்புவதற்கு முன் ஒரு தட்டையான பகுதி இருக்கிறது பாருங்கள், அங்கேதான். இரண்டு கோட்டையும் மாஸ்கிங் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். மெல்லிய பல் ரம்பத்தால் கோட்டுக்கு உள்பக்கமாக அறுத்து, மிச்சத்தை உப்புத்தாளில் தேய்த்துக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். கோட்டின்மேலேயே அறுத்தால் ரம்பத்தின் கனமும் சேர்ந்து போய்விடும், 85 என்பது 84 ஆகிவிடும். ஒட்டும்போது தட்டைக் கண்ணாடித் துண்டின்மேல் வைத்து, நடுவில் ஓடும் சுரங்கம்போன்ற மேட்டை முதலில் நேராக்குங்கள். அது நேரானால் மற்றதெல்லாம் நேராகும். அடியில் பிளாஸ்டிக் பட்டை இரண்டு குறுக்கே ஒட்டி, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விடுங்கள்.

ஃபரீதா, சென்னை: தரைத்தட்டு சரி. மேலே வரும் அந்த வளைவான உடலை எதில் செய்வது? பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி ஒட்டிப் பார்த்தேன், பெட்டி மாதிரி இருக்கிறது.

பெட்டி மாதிரி ஆனதற்குக் காரணம் உண்டு. மேங்ஸ் உடலில் தட்டையான இடம் என்று தேடினால் மிகக் கொஞ்சம்தான் கிடைக்கும். தட்டையான ஃபைபர்கிளாஸ் தளதளவென்று ஆடும், வளைத்தால்தான் விறைப்பு வரும். படகு கட்டியவருக்கு அது கைவந்த பாடம். முன் மூடியின் குழிவு, சக்கரத்தின்மேல் உயர்ந்து நிற்கும் மட்கார்டு எல்லாம் அப்படி வந்தவை. ஆகவே ஷீட்டை ஒட்டிச் செய்வதை விட்டுவிட்டு, மரத்தில் ஓர் அச்சு செதுக்குங்கள். ஷீட்டின் கனம் 1 மில்லிமீட்டர் என்றால் அச்சு எல்லாப் பக்கமும் அந்த 1 மில்லிமீட்டர் சிறியதாக இருக்க வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். அச்சை ஓட்டை போட்ட ஒரு பெட்டியின்மேல் வைத்து, பெட்டியில் வேக்யூம் கிளீனர் குழாயைச் சொருகுங்கள். ஷீட்டைச் சட்டத்தில் மாட்டிச் சூடாக்குங்கள். நடுவில் நனைந்த துணிபோலத் தொய்ந்ததும் அச்சின்மேல் இறக்கி உறிஞ்ச விடுங்கள். மட்கார்டு உள்பக்கம் மடியும் இடத்தில் அச்சு சிக்கிக்கொள்ளும், அதனால் முன்பாதி, பின்பாதி என இரண்டு துண்டாக எடுத்துச் சேருங்கள். சேர்த்த இடத்தில் கார் டிங்கரிங் கடைக்காரர் போலவே பட்டி பார்த்து, 400, 800, 1200 எண் உப்புத்தாள் என்று தண்ணீர் வைத்துத் தேய்த்துக்கொண்டே போனால் கோடு மறையும். முதல் இரண்டு ஷீட் வீணாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது நன்றாக வரும்.

விக்னேஷ், சென்னை: அந்தக் காலத்துப் பகிகளில் மினுமினுக்கும் பெயின்ட் இருக்குமே, அதற்கு கிளிட்டர் தூவினேன். அசிங்கமாக இருக்கிறது. மேலே அடித்த கிளியரும் (நிறமில்லாத மேல்பூச்சு) வெள்ளையாகப் பூத்துவிட்டது.

இரண்டும் வேறு வேறு சிக்கல். நிஜ வண்டியில் போட்ட மினுக்குத்தூள் ஒன்று 0.2 மில்லிமீட்டர் என்று வையுங்கள். நீங்கள் 1/24 மாடலில் அதே தூளைத் தூவினால், நிஜ அளவில் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் தகடுகளை ஒட்டிய மாதிரி ஆகிவிடும். பளபளப்பு மட்டும் போதும், தூள் கண்ணுக்குத் தெரியக் கூடாது. நன்றாகத் தேய்த்த பிரைமர்மேல் மெல்லிய சில்வர், அதன்மேல் ஒளி ஊடுருவும் சிவப்போ பச்சையோ மூன்று நான்கு மெல்லிய பூச்சு, கடைசியில் கிளியர். ஒவ்வொரு பூச்சுக்கும் நிறம் ஆழமாகிக்கொண்டே போகும். அந்த நேரத்தில் பார்க்க அவ்வளவு அழகு, அதற்காகவே நான் அவசரப்படுவதில்லை.

வெள்ளையாகப் பூத்தது ஈரப்பதத்தால். தின்னர் சட்டென்று ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலிருக்கும் ஈரம் பெயின்டில் படிந்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் ஸ்ப்ரே அடிக்காமல் இருப்பதே நல்லது. அடித்தே ஆக வேண்டுமென்றால் நடுப்பகலில், ஏசி ஓடி உலர்ந்த அறையில் வைத்து அடியுங்கள், வாசனை போகும்வரை அங்கே உட்காராதீர்கள். பூத்ததைச் சரிசெய்ய, வெயில் நாளில் மெதுவாக உலரும் தின்னர் கலந்த கிளியரை லேசாக அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

ராமநாதன், மதுரை: கட்டி முடித்து ஒரு வருடம் அலமாரியில் வைத்திருந்தேன். டயர் ரிம்மைத் தின்றுவிட்டது! என்ன செய்ய?

ஐயா, எனக்கும் இது நடந்திருக்கிறது. ஆசையாகக் கட்டிய ஒரு பச்சை மேங்ஸின் நான்கு ரிம்மும் போயின. மென்மையான வினைல் டயரில் இருக்கும் எண்ணெய்ப்பசை மெல்லக் கசிந்து ரிம்மின் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். டயர் மாட்டும் முன் ரிம்மின் விளிம்பில் பிளம்பர் பயன்படுத்தும் டெஃப்ளான் டேப்பை ஒரு சுற்று சுற்றிவிடுங்கள். போன ரிம்மைத் தேய்த்துக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், வேறு போடுங்கள். பின்பக்கம் அகலமான டயர், முன்பக்கம் ஒல்லியான டயர் என்பதையும் அப்போதே கவனித்துக்கொள்ளலாம். இன்ஜின் பின்னால் இருப்பதால் பாரமும் இழுவையும் அங்கேதான். முன் டயர் திருப்புவதற்கு மட்டும்.

ஜோசப், திருச்சி: இன்ஜின் திறந்தே இருப்பதால் மொட்டையாகத் தெரிகிறது. ஒயர் போட்டால் எப்படி இருக்கும்?

கட்டாயம் போடுங்கள். பகியை யாராவது கையில் எடுத்தால் முதலில் திருப்பிப் பார்ப்பது பின்பக்கத்தைத்தான். ஸ்பார்க் பிளக் ஒயர் நிஜத்தில் 7 மில்லிமீட்டர், மாடலுக்கு 0.3 போதும். பழைய மோட்டாரைப் பிரித்தால் வரும் செப்புக் கம்பி சரியாக இருக்கும். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் நடுவில் ஒன்று, சுற்றி நான்கு என 0.35 துளையைக் கைத்துரப்பணத்தில் போடுங்கள். நடுவில் உள்ளது உயர் மின்னழுத்தம் தரும் காயிலுக்குப் போகும்.

மற்ற நான்கையும் இஷ்டத்துக்குச் சொருகாதீர்கள். இந்தக் காற்றால் குளிரும் இன்ஜினின் சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-4-3-2. வண்டி போகும் திசை பார்த்து வலப்பக்கம் முன்னால் 1, பின்னால் 2, இடப்பக்கம் முன்னால் 3, பின்னால் 4. டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றி வலஞ்சுழியாக அந்த வரிசையில் ஒயர் போக வேண்டும். ஃபோக்ஸ்வாகன் மெக்கானிக் ஒருவர் பார்த்தாலும் குறை சொல்ல முடியாது.

மேல்நோக்கி நிமிரும் ஒற்றைக் குழல் சைலன்சர் வேண்டுமா? தீர்ந்துபோன பால்பாயின்ட் ரீஃபிலின் பித்தளை முனையைக் கழற்றுங்கள். ஒல்லி முனை இன்ஜின் பக்கம், அகன்ற வாய் வெளியே. மையை முழுக்கக் கழுவிவிடுங்கள், மிச்சமிருந்தால் பெயின்டின் வழியாகக் கசிந்து வரும்.

கவிதா, சென்னை: சார், பத்து வயது மகன் ரிமோட்டில் ஓடும் பகி கேட்கிறான். எது வாங்கலாம்? கடற்கரையில் ஓட்டலாமா?

டமியாவின் கிராஸ்ஹாப்பர் வாங்குங்கள். 1984இல் முதலில் வந்த எளிய வடிவம், 1/10 அளவு. அவனை ஸ்க்ரூ முடுக்க விட்டு நீங்கள் பக்கத்தில் இருங்கள், வாங்கிக் கொடுப்பதைவிட அது பெரிய பரிசு. அதன் உடல் கெட்டி பிளாஸ்டிக், வெளியே பெயின்ட் அடிக்க வேண்டும். டமியாவின் இன்னொரு பகியான ஹார்னெட் போன்றவற்றின் பாலிகார்பனேட் (ஒளி ஊடுருவும் மெல்லிய பிளாஸ்டிக்) உடலுக்குத் தனி பெயின்ட் உண்டு, அதை உள்பக்கம் அடிக்க வேண்டும். மாற்றி வாங்கிவிடாதீர்கள். கடற்கரையில் காய்ந்த மணலில் ஓட்டலாம், அலை பக்கம் வேண்டாம். பிளாஸ்டிக் புஷ்களுக்குப் பதில் ரப்பர் மூடிய பால் பேரிங் போட்டுவிட்டால் மணல் உள்ளே போவது குறையும். வீட்டுக்கு வந்ததும் பிரஷ்ஷால் தட்டித் துடையுங்கள், உப்பு ஒரு ராத்திரியில் ஸ்க்ரூவைப் பிடித்துவிடும்.

கஜன், யாழ்ப்பாணம்: அண்ணை, மாடலை மணலில் நிற்கிற மாதிரி வைக்கப் பார்த்தேன். கடற்கரை மணலைத்தான் போட்டேன், கல்லுக் குவியல் மாதிரி இருக்குது.

தம்பி, அரை மில்லிமீட்டர் மணல் மாடலில் 12 மில்லிமீட்டர் கல் அல்லவா? சித்த வைத்தியர்கள் சூரணத்தை வஸ்திரகாயம் செய்வார்களே, அதேபோல உலர்ந்த மண்ணை இடித்து மெல்லிய பருத்தித் துணியில் சலியுங்கள். துணியில் இறங்கிய பொடிதான் உங்கள் மணல். நீர் கலந்த வெள்ளைப் பசையைப் பூசி, பொடியைத் தூவி, ஈரமாக இருக்கும்போதே சக்கரத்தை உருட்டித் தடம் எடுங்கள். மிச்சப் பொடியை மட்கார்டின் அடியில், பின் சக்கரத்துக்குப் பின்னால், இன்ஜினின் கீழ்ப்பகுதியில் காய்ந்த பிரஷ்ஷால் தொட்டு வையுங்கள். மூடியின்மேல் கொஞ்சம், கண்ணாடியில் இன்னும் கொஞ்சம்.

இளங்கோ, சேலம்: முதல் வண்டியான "ஓல்ட் ரெட்" மாடலையே கட்ட ஆசை. 1967 ஓட்டத்தில் ஓடியது அதுதானே?

ஏப்ரல் 1967 என்றால் ஆம். மேயர்ஸும் டெட் மேங்கல்ஸும் ஓல்ட் ரெட்டில் மெக்சிகோவின் பாஹா தீபகற்பத்தை லா பாஸிலிருந்து டிஹுவானா வரை 34 மணி 45 நிமிடத்தில் கடந்தார்கள். மோட்டார் சைக்கிள்காரர்கள் வைத்திருந்த சாதனையைவிட ஐந்து மணி நேரத்துக்கும் மேல் குறைவு. அதே ஆண்டு நவம்பரில் நடந்த முதல் மெக்சிகன் 1000 பந்தயத்தை 27 மணி 38 நிமிடத்தில் வென்றதும் ஒரு மேங்ஸ்தான், ஓட்டியவர்கள் விக் வில்சனும் மேங்கல்ஸும்.

ஆனால் ஒன்று. செந்திலுக்கு நான் சொன்ன வழி உங்களுக்கு ஆகாது. ஓல்ட் ரெட் அந்தப் பன்னிரண்டில் முதலாவது, அதற்குப் பீட்டில் தரைத்தட்டு கிடையாது. அடிப்பகுதியையும் உடலோடு சேர்த்தே அச்சில் எடுங்கள். கிட்டிலிருந்து சஸ்பென்ஷன், கியர்பாக்ஸ், இன்ஜினை மட்டும் கழற்றி அதில் மாட்டுங்கள். கண்ணாடியை ஒட்டும்போது சூப்பர் குளூ வேண்டாம், அதன் ஆவி பட்டால் கண்ணாடி புகை படிந்த மாதிரி மங்கிவிடும். வெள்ளைப் பசை போதும்.