குழந்தை பிறந்த பிறகு நடுக்கத்துடன் காய்ச்சலும் முதுகுவலியும் வந்தால் சிறுநீரகத் தொற்றாக இருக்குமா?

நீங்கள் எழுதியிருப்பது இது: குழந்தை பிறந்து 9 நாள். உடம்பு உதறும் அளவுக்குக் குளிர், காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழே முதுகில் வலி. சிறுநீர் போகும்போது எரிச்சல் இல்லை. பால் கட்டியதால் வந்த காய்ச்சல் என்று வீட்டில் சொல்கிறார்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

சிறுநீரகத் தொற்றாக இருக்கலாம். இன்றே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மீதியை அங்கே காத்திருக்கும் நேரத்தில் படித்துக்கொள்ளலாம்.

நான் பிரசவ வார்டில் செவிலியர். பிரசவித்த பெண்ணுக்குக் காய்ச்சல் என்றதும் சுற்றியிருப்பவர்கள் முதலில் மார்பைத்தான் நினைக்கிறார்கள். பால் கட்டினால் இரண்டு மார்பும் கல்லாகக் கனக்கும். காய்ச்சல் வந்தாலும் பெரும்பாலும் லேசாக வந்து சீக்கிரம் இறங்கிவிடும். மார்பில் தொற்று என்றால் ஓரிடம் சிவந்து சுடும். கருப்பையில் தொற்று என்றால் அடிவயிறு வலிக்கும், உதிரப்போக்கில் துர்நாற்றம் வீசும். உதறலும் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டிய காய்ச்சலும் ஒரு பக்க விலாவடி வலியும் சேர்ந்து வந்தால் எனக்கு முதலில் சிறுநீரகத்தின் மீதுதான் சந்தேகம் வரும். குமட்டல், வாந்தியும் கூடவே வரலாம்.

எரிச்சல் இல்லாததை வைத்து நிம்மதி அடையாதீர்கள். சிறுநீரகத் தொற்று உள்ள எல்லோருக்கும் எரிச்சல் இருப்பதில்லை. இருந்தாலும், தையல் வலியில் அது தனியாகத் தெரியாமல் போகலாம்.

வலப்பக்கம் வலிப்பதிலும் ஒரு காரணம் ஒளிந்திருக்கலாம். கர்ப்பத்தில் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன், சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் குழாய்களைத் தளர்த்திவிடுகிறது. வளரும் கருப்பை சற்று வலப்புறம் திரும்புவதால் வலது குழாய்தான் கூடுதலாக நசுங்கி, அதற்கு மேலே சிறுநீர் தேங்குகிறது. குழந்தை பிறந்த அன்றே இதெல்லாம் சரியாகிவிடாது. குழாய்கள் பழைய நிலைக்குத் திரும்பச் சில வாரங்கள் ஆகும். இதற்கிடையில், சிசேரியன் என்றால் சிறுநீரை வெளியேற்றும் கதீட்டர் குழாய் போட்டிருப்பார்கள். வலி தெரியாமல் இருக்க முதுகில் போடும் எபிடியூரல் ஊசியாலோ நீண்ட பிரசவ வலியாலோ சிறுநீர்ப்பை நிறைந்த உணர்வே மரத்துப்போயிருக்கலாம். முழுதாக வெளியேறாமல் தங்கும் சிறுநீரில் கிருமி பெருகி மேலே ஏறுகிறது. பெரும்பாலும் அது நம் குடலிலேயே வாழும் ஈ.கோலை பாக்டீரியாதான். சுத்தக் குறைவு என்று யாராவது உங்களைக் குறை சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

மருத்துவமனையில் சிறுநீர்ப் பரிசோதனையோடு, எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரும் எடுப்பார்கள். உதிரப்போக்கு கலந்தால் முடிவு குழம்பிவிடும். அதனால் நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு, முதலில் வருவதை விட்டு, நடுவில் வரும் சிறுநீரைப் பிடித்துக் கொடுங்கள். முடிந்தவரை ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே மாதிரி கொடுத்துவிட வேண்டும். கல்ச்சர் முடிவு வர ஓரிரு நாள் ஆகும். அதுவரை சிகிச்சை காத்திருக்காது. உங்களைப் போல நடுக்கத்துடன் வருபவர்களை வழக்கமாக உள்நோயாளியாகச் சேர்த்து, செஃப்ட்ரையாக்சோன் போன்ற மருந்தை நரம்பு வழியாகக் கொடுப்பார்கள். காய்ச்சல் இறங்கிய பிறகு மாத்திரைக்கு மாற்றுவார்கள். மொத்தம் 7 முதல் 14 நாள் வரை மருந்து இருக்கும். இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் அடங்கவில்லை என்றால் கல்லோ, அடைப்போ, சீழ்க்கட்டியோ இருக்கிறதா என்று ஸ்கேனில் தேடுவார்கள். வீட்டில் மிச்சமிருக்கும் நைட்ரோஃபுரான்டாயின் மாத்திரையை மட்டும் விழுங்காதீர்கள். அது சிறுநீர்ப்பைத் தொற்றுக்கான மருந்து. சிறுநீரகத் திசுவுக்குள் போதிய அளவு சேராது. ஒரு மாதம் நிரம்பாத குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது அதில் வேறு கவனமும் தேவை.

பாலை நிறுத்த வேண்டியதில்லை. சிறுநீரகத் தொற்று பால் வழியாகக் குழந்தைக்குப் போகாது. பென்சிலின், செஃபலோஸ்போரின் வகை மருந்துகள் (செஃப்ட்ரையாக்சோனும் இதில் அடங்கும்) பாலில் மிகக் குறைந்த அளவே கலக்கின்றன. பால் கொடுப்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் அதற்கேற்ற மருந்தை அவர் தேர்ந்தெடுப்பார். நீங்கள் திடீரென்று நிறுத்தினால் உண்மையிலேயே பால் கட்டி, அந்த அவதியும் சேர்ந்துகொள்ளும்.

மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு படபடத்தாலோ, பேச்சில் குழப்பம் தெரிந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ தொற்றால் உடல் முழுவதும் பாதிக்கப்படும் செப்சிஸாக இருக்கக்கூடும். அப்படியானால் புறநோயாளி வரிசையில் நிற்காமல் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், “குழந்தை பிறந்து 9 நாள், நடுக்கத்துடன் காய்ச்சல்” என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.