ஒப்பந்தப் பத்திரத்தில் கையெழுத்திடலாமா?

கேள்வி: எனக்கு வயது 22. நல்ல சம்பளத்தில் வேலை கிடைத்துள்ளது. ஆனால் 3 ஆண்டுகளுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும், அசல் சான்றிதழ்களையும் ஒப்படைக்க வேண்டும் என்கிறார்கள். பணமா, சுதந்திரமா?
– வாசகி, கோவை

பதில்: இதே 3 ஆண்டு, 2 லட்சம் நிபந்தனை ஒரு பொதுத்துறை வங்கியின் வழக்கில் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025-இல் தீர்ப்பளித்திருப்பதால், ‘பத்திரமெல்லாம் வெறும் மிரட்டல்’ என்று தோழிகள் சொல்வதை நம்பிக் கையெழுத்திட்டுவிடாதீர்கள். ஆயினும் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 74-ஆவது பிரிவின்படி, நியாயமான இழப்பீட்டையே அனுமதிக்கிறது. பத்திரத்திலுள்ள தொகை அதன் உச்சவரம்பு மட்டுமே. கல்விக் கடன் தவணை கழுத்தை நெரித்தால் வேலையில் சேருங்கள், மாதந்தோறும் ஒரு தொகையைத் தொடர் வைப்புக் கணக்கில் போட்டுவந்தால், விலகும் உரிமை (அதுதானே நீங்கள் கேட்கும் சுதந்திரம்!) உங்கள் கையிலேயே இருக்கும். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்ததும் திருப்பித் தர மறுப்பார்களானால், அந்த வேலையே வேண்டாம்.