கஞ்சா, சாராயம், புகையிலை, பனடோல்: எது எவ்வளவு நஞ்சு?

"கஞ்சா அடித்து எவனும் செத்ததில்லை, சாராயம்தான் ஆளைக் கொல்லும்" என்று கம்பஸில் சொல்கிறார்கள். உண்மையா டொக்டர்? (திருநெல்வேலி மாணவர்)

பாதி உண்மை, தம்பி. சாராயம் அளவு மீறினால் மூச்சை நடத்துகிற மூளைத்தண்டையே மயக்கிவிடும். கஞ்சாவில் போதை தரும் பொருளான டி.எச்.சி. ஒட்டிக்கொள்ளும் இடங்கள் அந்தப் பகுதியில் மிகக் குறைவு. அதனால் வளர்ந்தவருக்குக் கஞ்சா மட்டும் கூடி மூச்சு நிற்பது மிக அரிது. மதுவால் 2019இல் உலகெங்கும் 26 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. கள்ளச் சாராயமான கசிப்பில் மெதனோல் என்ற நஞ்சு இருந்துவிட்டால் கண்ணும் போகும்.

ஆனால் உடனே சாகிறோமா என்று மட்டும் பார்த்தால் போதுமா? கஞ்சா புகைத்த கையோடு நெஞ்சு படபடவென்று அடிக்கும். இருதய வருத்தம் உள்ளவருக்கு அது ஆபத்து. பதின்ம வயதில் தொடங்கி நாளாந்தம் அடிப்பவருக்கு மனப்பிறழ்வு வரும் வாய்ப்புக் கூடுகிறது. தாய் கையைப் பிடித்துக் கூட்டி வந்த பெடியன் ஒருவன், என் அறையில் மேலே சுற்றிய மின்விசிறியையே பார்த்தபடி, "அது என்ர பேரைச் சொல்லுது" என்றான். அவனும் உயிரோடுதான் இருந்தான். உன் நண்பர்கள் அந்த முகத்தைப் பார்க்கவில்லை.

இன்னொன்று: கஞ்சா கலந்த பண்டத்தைச் சின்னப்பிள்ளை தின்றால் நினைவிழந்து மூச்சும் தளரலாம். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள்.

விடியப்புறம் புகையிலை வெட்டிவிட்டு வந்தால் அப்பாவுக்குத் தலைசுற்றும் சத்தியும். அவர் சுருட்டே பிடிக்காதவர். வயதுக்கோளாறா? (கோப்பாய் வாசகி)

வயதில்லை, நிக்கொட்டின். இலையில் உள்ள நிக்கொட்டின் பனிநீரில் கரைந்து, நனைந்த சாரம், சேர்ட் வழியாகத் தோலுக்குள் இறங்குகிறது. புகைக்காத உடம்புக்கு அது பழக்கமில்லை, அதனால் வாட்டுகிறது. அளவுக்கு அளவு பார்த்தால் டி.எச்.சி.யைவிட நிக்கொட்டின் பல மடங்கு கொடிய நஞ்சு. வெயில் ஏறிப் பனி காய்ந்தபிறகு வெட்டச் சொல்லுங்கள். கையுறையும் நீளக்கைச் சட்டையும் போடட்டும். நனைந்த உடுப்பை உடனே மாற்றிச் சவர்க்காரம் போட்டுக் கழுவட்டும்.

ஆச்சி வெத்திலை, பாக்கு, புகையிலை போடுகிறா. இயற்கைதானே? (சாவகச்சேரி)

கஞ்சாவும் இயற்கைதான். புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியிருக்கிறது. ஆச்சியின் வாயை டோர்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளை, சிவப்புத் திட்டுகளோ ஆறாத புண்ணோ இருந்தால், அல்லது வாய் முன்போல அகலத் திறக்காவிட்டால், இந்தக் கிழமையே காட்டுங்கள்.

பனடோல் எத்தனையும் போடலாமா? (மானிப்பாய்)

கூடாது. வளர்ந்தவருக்கு 24 மணித்தியாலத்தில் ஆகக்கூடியது 500 மில்லிகிராம் குளிசை 8. மது குடிப்பவரும் ஈரல் வருத்தக்காரரும் அதற்கும் குறைவாக, கேட்டுப் போடவேண்டும். பனடோலில் உள்ள பரசிட்டமோல் தடிமன் மருந்துகளிலும் இருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள். கூடிப்போனால் முதல் நாள் ஒன்றும் தெரியாது, உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். நஞ்சை முறிக்கும் மருந்தை 8 மணித்தியாலத்துக்குள் கொடுத்தால் நன்றாக வேலை செய்யும். அதனால் சுகமாக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மகனின் மேசைக்குள் கஞ்சாச் சரை கண்டேன். கை நடுங்குகிறது. (ஒரு தாய்)

அம்மா, இன்றிரவு அடிக்கவும் வேண்டாம், ஊருக்குச் சொல்லவும் வேண்டாம். சாப்பாட்டைப் போட்டுக்கொடுத்துவிட்டு, எப்போதிருந்து, நித்திரை எப்படி என்று மட்டும் கேளுங்கள். பிறகு யாழ். போதனா வைத்தியசாலை மனநலப் பிரிவுக்கு அவனோடு நீங்களும் போங்கள். அதற்கு முன் யாரோடாவது பேசவேண்டும்போல இருந்தால் மனநல உதவித் தொலைபேசி இலக்கம் 1926க்கு அழையுங்கள்.