கோப்பான் ருயினாஸுக்குத் தள்ளுவண்டி வேண்டாம்

இரண்டு வயதுச் சின்னவளுக்குத் தள்ளுவண்டி கொண்டுபோகலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாங்க. ஹோண்டுராஸின் அந்தச் சின்ன ஊரில் தெருவெல்லாம் கல் பாவியது, ஏற்ற இறக்கம் வேறு. சக்கரம் பத்தடி உருளாது. முதுகில் சுமக்கும் பை எடுத்துக்கொள்ளுங்கள். பழங்கால மாயா நாகரிகத்தின் இடிபாடுகள் ஊரிலிருந்து சுமார் 1 கிலோமீட்டர்தான். நடக்க முடியாவிட்டால் மோட்டோடாக்ஸி இருக்கிறது, அச்சு அசல் நம்மூர் ஆட்டோ. காலையிலேயே போய்விடுங்கள், பதினொன்றுக்கு மேல் வெயில் பிள்ளைகளைப் படுத்திவிடும். எழுத்துகள் செதுக்கிய படிக்கட்டைப் பார்க்க நீங்கள் துடிப்பீர்கள். நாலு வயதுப் பெரியவனோ நுழைவாயிலருகே பறக்கும் சிவப்புப் பஞ்சவர்ணக்கிளிகளை விட்டு நகரமாட்டான். சரி, அவன் போக்கிலேயே விடுங்கள். சாப்பாட்டுக்குப் பலேயாதா கேளுங்கள்: மைதா ரொட்டிக்குள் மசித்த பீன்ஸும் சீஸும், காரம் இருக்காது. அப்புறம், குழாய்த் தண்ணீர் பல் தேய்க்கக்கூட வேண்டாம்.