தோட்டம் கேள்வி–பதில்: துளிர்த்த ரங்கூன் மல்லிக் குச்சி ஏன் கருகுகிறது?

கேள்வி: பக்கத்து வீட்டு மதிலில் படர்ந்திருக்கும் ரங்கூன் மல்லிக் கொடியிலிருந்து சில குச்சிகளைக் கேட்டு வாங்கித் தொட்டியில் நட்டேன். இரண்டு வாரத்தில் துளிர்த்தன; வெயிலுக்கு மாற்றினேன். உடனே துளிர்கள் துவண்டு, குச்சிகள் அடியிலிருந்து கருகிவிட்டன. தண்ணீருக்குக் குறை வைக்கவில்லை. என்ன காரணம்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: துளிர் விட்டது வேர் பிடித்ததற்கு அடையாளம் அன்று. தண்டில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் மாவுச்சத்தைக் கொண்டே கணுவிலுள்ள மொட்டு விரிந்துவிடும். விரிந்த இலைகள் நீரை ஆவியாக வெளியேற்றத் தொடங்கும்போது, அதை ஈடுகட்ட மண்ணுக்குள் வேர் இருப்பதில்லை. அந்த நேரத்தில் வெயில் பட்டால் இலை துவளும். வாடுகிறதே என்று மேலும் நீர் ஊற்றினால், காற்றோட்டமற்ற மண்ணில் வெட்டுவாய் அழுகிக் கருமை மேலேறும். உங்கள் குச்சிகளுக்கு இவ்விரண்டும் சேர்ந்தே நேர்ந்திருக்க வேண்டும். முருங்கைப் போத்தை ஊன்றிவிட்டு மறந்துவிடுவதுபோல் இக்கொடியை நடத்த முடியாது.

குச்சித் தேர்விலும் கவனம் தேவை. பச்சையாக வளையும் நுனி அழுகிவிடும். கட்டை பாய்ந்த பழைய தண்டு வேர்விடத் தயங்கும். பச்சை மங்கிப் பழுப்பேறத் தொடங்கிய, பென்சில் பருமனுள்ள, பூக்காத கிளையே ஏற்றது. இக்கொடியில் இலை உதிர்ந்த பிறகும் காம்பின் அடிப்பகுதி முள்போலத் தண்டிலேயே தங்கிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அத்தகைய முள் தோன்றியுள்ள பகுதி முதிரத் தொடங்கியது என்று கொள்ளலாம். மொட்டு அம்முள்ளின் மேற்புறக் கக்கத்தில் இருக்கும் என்பதால், இலை நீக்கிய குச்சியில் தலை எது, கால் எது என்ற குழப்பமும் தீரும்.

மூன்று நான்கு கணுக்களுடன் 15 முதல் 20 செ.மீ. நீளத்தில், கீழ்க்கணுவை ஒட்டிச் சாய்வாக வெட்டுங்கள். அடி இலைகளை நீக்கி, மேலே எஞ்சியவற்றைப் பாதியாகக் கத்தரித்து, மணலும் நன்கு கழுவிய தென்னை நார்க்கழிவும் சம அளவு கலந்த கலவையில் இரண்டு கணுக்கள் புதையுமாறு நடுங்கள். எருவோ உரமோ இப்போது வேண்டாம். அடி வெட்டிய தண்ணீர்ப் பாட்டிலைக் கவிழ்த்து மூடி நிழலில் வைத்தால் ஈரக்காற்று உள்ளேயே தங்கும். வேர்விட நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். அதற்குள் பிடுங்கிப் பார்க்கும் ஆசைதான் பல குச்சிகளுக்கு எமன். தொட்டியின் அடித்துளையில் வேர் தெரிந்த பிறகு மூடியைச் சிறிது சிறிதாக விலக்கி, வெயிலுக்கும் அவ்வாறே பழக்குங்கள். உங்கள் பகுதியில் ஐப்பசி அடைமழைக்கு முன்பே, ஆடி ஆவணியில் இதைத் தொடங்குவது நல்லது.

கேள்வி: குச்சியைவிட எளிய வழி உண்டா? எங்கள் வீட்டிலேயே வளர்ந்த கொடி இருக்கிறது.
– வாசகர், திண்டுக்கல்

பதில்: தாய்க்கொடி கையருகே இருக்கும்போது குச்சி வெட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்; பதியன் போடுங்கள். வேர் பிடிக்கும் வரை கிளைக்குத் தாய்க்கொடியே நீர் ஊட்டுவதால், மேலே சொன்ன வாட்டத்துக்கு இடமே இல்லை. தரையை ஒட்டி ஓடும் நீண்ட கிளையை வளைத்து, ஒரு கணுவுக்குக் கீழே இரண்டு செ.மீ. அளவுக்குப் பட்டையைச் சுரண்டி, அவ்விடத்தை அருகில் வைத்த மண்தொட்டியில் புதைத்து, மேலே அரைச் செங்கல்லை வையுங்கள். நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஈரம் காயாமல் இரண்டு மாதம் காத்திருந்து, கிளையை மெல்ல இழுத்துப் பாருங்கள்; பிடிமானம் தெரிந்தால் தாய்க்கொடியின் பக்கம் தண்டைப் பாதியளவு வெட்டிவிட்டு, ஒரு வாரம் கழித்து முழுவதும் துண்டியுங்கள். ஒரே வீச்சில் பிரிப்பதைவிட இது பாதுகாப்பானது. கொடியைச் சுற்றி வேரிலிருந்து பக்கக்கன்றுகள் முளைத்திருந்தால் இவ்வளவுகூட வேண்டியதில்லை. மழைக்காலத்தில் வேருடன் தோண்டி நட்டுவிடலாம்.

கேள்வி: பதியனில் கிடைத்த கன்று பல மாதங்களாகப் புதராகவே நிற்கிறது; கொடி ஓடவில்லை, பூக்கவுமில்லை. வேறு செடியாக இருக்குமோ?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: ஐயம் வேண்டாம். ரங்கூன் மல்லி இளமையில் குற்றுச்செடிபோல நின்று, வேர் வலுத்த பிறகே நீண்ட கொடிகளை வீசும். நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயிலும், பிடித்தேறக் கம்பியோ பந்தலோ கொடுங்கள். யூரியா போன்ற தழைச்சத்து உரத்தை அள்ளிப் போட்டால் இலைதான் பெருகும். புதிதாக வளரும் கிளைகளிலேயே பூக்கும் ஆகையால், ஒரு பூப்பருவம் முடிந்ததும் தயங்காமல் கவாத்து செய்யலாம்.

கேள்வி: விதை போட்டு வளர்க்க இயலுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: ஒற்றை அடுக்குப் பூ வகையில் ஐந்து விளிம்புகள் கொண்ட பழுப்புக் காய்கள் எப்போதாவது பிடிக்கும், அவை முளைக்கவும் செய்யும். நர்சரிகளில் விற்கும் அடுக்குப்பூ வகையில் விதையை எதிர்பார்க்க வேண்டாம். அதற்குப் பதியனும் குச்சியுமே வழி. சீன மருத்துவத்தில் இதன் விதை குடற்புழு நீக்கப் பயன்படுகிறது என்று படித்துவிட்டு வீட்டில் சோதித்துப் பார்க்காதீர்கள். அளவு மீறினால் விக்கலும் குமட்டலும் வரும். காய் பிடித்திருந்தால் குழந்தைகளுக்கு எட்டாமல் பறித்துவிடுங்கள்.