கடைசி வினாடிகளில் பந்தைத் தட்டிவிட்டால், போன நேரம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: என் மகன் இரண்டாம் படிவத்தில் படிக்கிறான். பட்டர்வொர்த்தில் நடந்த 15 வயதுக்குட்பட்டோர் கூடைப்பந்துப் போட்டியில் அவனுடைய பள்ளி அணி விளையாடியது. நான்காம் காற்பகுதியில் 14 வினாடி இருக்கும்போது எதிரணி கூடை போட்டு ஒரு புள்ளி முன்னிலை பெற்றது. வலையிலிருந்து விழுந்த பந்தை அவர்களுடைய ஆட்டக்காரர் ஒருவர் வேண்டுமென்றே சுவர்ப் பக்கம் தட்டிவிட்டார். என் மகன் ஓடிப்போய் எடுத்து வருவதற்குள் கடிகாரம் 6 ஆகிவிட்டது. ஊதலை ஊதிய நடுவர் எச்சரித்ததோடு விட்டுவிட்டார். அந்த ஒரு புள்ளியிலேயே தோற்றோம். இது தண்டனைக்குரிய தவறு இல்லையா? ஏற்பாட்டாளர்களைத் தனக்குத் தெரியும் என்று சொல்லும் ஒருவர், 300 ரிங்கிட் கொடுத்தால் மறு ஆட்டத்துக்கு வழி செய்வதாகக் கூறுகிறார். ஆட்டம் முடிந்து எட்டு நாளாகிறது. கொடுக்கலாமா?

பதில்: 300 ரிங்கிட்டைப் பையிலேயே வைத்திருங்கள், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன், உங்கள் கேள்வியில் இரண்டு வேறு விஷயங்கள் ஒன்றாகக் கலந்திருப்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பந்தைத் தட்டிவிட்டது ஒன்று, 8 வினாடி ஓடிப்போனது இன்னொன்று. முதலாவதைச் செய்தவர் எதிரணி ஆட்டக்காரர். இரண்டாவது, மேசையில் அமர்ந்திருந்த நேரக்காப்பாளர் செய்யத் தவறிய வேலையால் வந்தது. உங்கள் கோபம் முழுவதும் முதலாவதன் மீது இருக்கிறது. உங்கள் மகனின் அணிக்கு உண்மையில் இழப்பை உண்டாக்கியது இரண்டாவதுதான்.

அனைத்துலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபீபாவின் விதிப்படி, நான்காம் காற்பகுதியிலும் ஒவ்வொரு கூடுதல் நேரத்திலும் கடிகாரம் 2 நிமிடமோ அதற்குக் குறைவாகவோ காட்டும்போது கூடை விழுந்தால், அந்தக் கணமே ஆட்டக் கடிகாரம் நிற்க வேண்டும். யாரும் ஊதலை ஊதத் தேவையில்லை. நேரக்காப்பாளரே நிறுத்த வேண்டும். எல்லைக்கோட்டுக்கு வெளியிலிருந்து எறியப்படும் பந்தைத் திடலுக்குள் ஓர் ஆட்டக்காரர் தொடும்போதுதான் கடிகாரம் மறுபடியும் ஓடத் தொடங்கும். ஆகவே உங்கள் மகன் பந்தின் பின்னால் ஓடிய நேரம் முழுவதும் கடிகாரம் 14-லேயே நின்றிருக்க வேண்டும். பந்து சுவருக்குப் போயிருந்தாலும் சாக்கடைக்குப் போயிருந்தாலும் ஒரு வினாடிகூடக் குறைந்திருக்கக் கூடாது. பந்தை வைத்திருக்கும் அணி கூடையை நோக்கி எறியாமல் நேரத்தைத் தின்றுவிடுவது இந்த விளையாட்டுக்குப் பழைய நோய். 1950-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள் அமெரிக்காவில் ஃபோர்ட் வேய்ன் பிஸ்டன்ஸ் அணி மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணியை 19-18 என்று வென்ற ஆட்டம் அதற்குச் சாட்சி. பந்து கிடைத்த அணி 24 வினாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும் என்ற 24 வினாடிக் கடிகாரம் 1954-இல் அங்கே வந்ததற்கு அத்தகைய ஆட்டங்களே காரணம். கடைசி 2 நிமிடத்தில் கூடைக்குப்பின் கடிகாரத்தை நிறுத்தும் விதியும் அதே நோய்க்கான மருந்துதான். மேசை தன் வேலையைச் சரியாகச் செய்தால், பந்தைத் தட்டிவிடுகிறவருக்கு நேரத்தில் எந்த இலாபமும் இல்லை. தம் அணி பின்னால் ஓடித் தடுப்பு வரிசையை அமைத்துக்கொள்ள இரண்டு மூச்சு நேரம் கிடைக்கும், அவ்வளவே.

அந்த இரண்டு மூச்சு நேரத்துக்கும் விலை உண்டு. வலையைக் கடந்த பந்தை வேண்டுமென்றே தொட்டு ஆட்டத்தைத் தாமதப்படுத்துவது டெக்னிக்கல் பவுலுக்குரிய செயல், அதாவது உடல் மோதல் இல்லாத ஒழுங்கு மீறல், என்று விதி பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆனால் நடைமுறையில் நடுவர்கள் முதல் தடவை எச்சரிப்பார்கள். அந்த எச்சரிக்கை பந்தைத் தட்டிய பையனோடு முடிந்துபோவதில்லை என்பதைப் பெற்றோர் பலர் அறிவதில்லை. அது அணியின் பயிற்றுநருக்கும் தெரிவிக்கப்படும்; ஆட்டம் முடியும்வரை அந்த அணியில் யார் அதே காரியத்தைச் செய்தாலும் அடுத்தது டெக்னிக்கல் பவுல்தான். அதற்குத் தண்டனையாக எதிரணிக்கு ஒரு தனி எறிதல், அதாவது யாரும் தடுக்காமல் கூடையை நோக்கி எறியும் வாய்ப்பு, கிடைக்கும். பந்து யாருக்கு உரியதாக இருந்ததோ அவர்களிடமே ஆட்டம் தொடரும். உங்கள் ஆட்டத்தில் அதற்கு முன்பு எச்சரிக்கை ஏதும் இல்லையென்றால், நடுவர் எச்சரித்ததில் பிழை காண முடியாது. எல்லைக்கோட்டருகே தடுத்து நிற்பவரின் கை கோட்டைத் தாண்டி நீள்வது மட்டும் வேறு வகை. கடைசி 2 நிமிடத்தில் பந்தைக் கையில் கொடுப்பதற்கு முன்பே நடுவர் சைகையால் எச்சரித்துவிடுவார். அதன்பின் கை தாண்டினால் நேராக டெக்னிக்கல் பவுல்.

முன்னிலையில் இருக்கும் அணி பந்தைத் தட்டிக்கொண்டே வளைய வருவதைத் தாமதம் என்று எண்ணி நடுவரைத் திட்டாதீர்கள். கடிகாரத்தில் 24 வினாடிக்குக் குறைவாக இருந்தால் அவர்கள் கூடையை நோக்கி எறியவே தேவையில்லை. அவர்களை நிறுத்த வேண்டுமானால் பந்துக்காக முறையாக முயன்று பவுல் செய்ய வேண்டும். பயிற்றுநர் "பவுல்!" என்று கத்தியதும் சட்டையைப் பிடித்து இழுக்கும் பையன் தன் அணிக்கு இரட்டை நட்டத்தைக் கொண்டுவருகிறான்: எதிரணிக்கு இரண்டு தனி எறிதல், அதன்பின் பந்தும் அவர்களுக்கே.

இனி, உங்கள் விஷயத்தில் எல்லாவற்றையும் புரட்டிப்போடக்கூடிய ஒரே விதிவிலக்குக்கு வருகிறேன். இதைச் சற்று நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் ஊரில் பாதிச் சண்டை இதில்தான் பிறக்கிறது. நான் மேலே சொன்னது ஃபீபா விதி. ஒரே நாளில் ஒரே திடலில் பல ஆட்டங்களை நடத்தி முடிக்க வேண்டிய உள்ளூர்ப் போட்டிகளில், ஏற்பாட்டாளர்கள் ஓடும் கடிகாரம் என்ற முறையை வைத்துக்கொள்வது உண்டு. ஊதல் ஒலித்தாலும், பந்து வெளியே போனாலும், கூடை விழுந்தாலும் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். டைம் அவுட் எடுத்தால் மட்டும் நிற்கும். சில போட்டிகளில் கடைசி 2 நிமிடத்துக்கு ஃபீபா முறைக்குத் திரும்புவார்கள். சிலவற்றில் கடைசி 1 நிமிடத்துக்கு மட்டும். வேறு சிலவற்றில் இறுதி ஆட்டத்துக்கு மட்டும் நிற்கும் கடிகாரம், முதற்கட்ட ஆட்டங்களுக்கெல்லாம் ஓடும் கடிகாரம். உங்கள் மகனின் ஆட்டம் கடைசிவரை ஓடும் கடிகாரத்தில் நடந்திருந்தால், கூடைக்குப்பின் கடிகாரம் ஓடியது பிழையே அல்ல. அப்போது பந்தைத் தட்டிவிட்டதுதான் நேரத்தைத் திருடிய செயல், ஊதலுக்கு நிற்காத கடிகாரத்தை நடுவரே மேசையிடம் சொல்லி உடனே நிறுத்தியிருக்க வேண்டும் என்று சொல்வேன். கடைசி 2 நிமிடத்துக்கு நிற்கும் கடிகாரம் என்று எழுதியிருந்தால் 14 வினாடியும் உங்களுடையது. கடைசி 1 நிமிடம் என்று எழுதியிருந்தாலும் 14 வினாடி உங்களுடையதே. எதுவுமே எழுதாமல் "ஃபீபா விதிகள் பின்பற்றப்படும்" என்று ஒரே வரியில் முடித்திருந்தாலும் அப்படியே. ஆகவே முதலில் கேட்க வேண்டியது அந்தப் போட்டியின் விதித்தாளை. அணிக்குப் பொறுப்பான ஆசிரியரிடம் அதன் நகல் இருக்க வேண்டும். இல்லையென்றால், விதித்தாள் இல்லாத போட்டிக்கு மாணவர்களை ஏன் அழைத்துச் சென்றார்கள் என்பது அடுத்த கேள்வி.

மேசையைப் பற்றி நான் பொறுமையிழந்துதான் எழுதுகிறேன். பினாங்கில் பல ஆண்டுகளாக ஊதலோடு திடலில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: சட்டைக்கும் கோப்பைக்கும் பதாகைக்கும் பணம் ஒதுக்கும் ஏற்பாட்டாளர்கள், நேரக்காப்பாளருக்குப் பயிற்சி பெற்ற ஒருவரை அமர்த்துவதற்கு மட்டும் கணக்குப் பார்க்கிறார்கள். அந்த நாற்காலியில் விளையாட்டுக்கே வராத மூன்றாம் படிவ மாணவி அமர்ந்திருப்பாள். பாவம், கூடை விழுந்தால் எல்லாரையும் போல அவளும் கூடையைத்தான் பார்ப்பாள், பொத்தானை அழுத்த மாட்டாள். நடுவர் பந்தைப் பார்ப்பாரா, முழங்கைகளைப் பார்ப்பாரா, கடிகாரத்தைப் பார்ப்பாரா? மூன்றையும் பார்க்க வேண்டும் என்பதுதான் சரி, ஆனால் அதற்காகவே தனியாக ஓர் ஆளை விதி வைத்திருக்கிறது. மேசை குழம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 1972-ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. அமெரிக்கா 50-49 என்று முன்னிலையில் இருக்க, டைம் அவுட் கேட்கப்பட்டதா இல்லையா என்ற குழப்பத்தில் கடைசி 3 வினாடி திரும்பத் திரும்ப ஆடப்பட்டது. பார்வையாளர் பகுதியிலிருந்து இறங்கிவந்த ஃபீபா பொதுச் செயலாளர் வில்லியம் ஜோன்ஸ், அந்த அதிகாரம் தமக்கு இல்லாதபோதும் கடிகாரத்தை 3 வினாடிக்குத் திருப்பச் சொன்னார். சோவியத் அணி 51-50 என்று வென்றது. அமெரிக்காவின் மேல்முறையீட்டை ஐவர் குழு 3-2 என்ற கணக்கில் நிராகரித்தது. அமெரிக்க வீரர்கள் வெள்ளிப் பதக்கத்தை வாங்கவே இல்லை.

அந்த நேரத்தில் உங்கள் அணி செய்திருக்கக்கூடியது ஒன்று உண்டு. எதிரணி கூடை போட்டவுடன், கூடை வாங்கிய அணிக்கு டைம் அவுட் எடுக்கும் வாய்ப்பு திறக்கிறது. ஆட்டக்காரர்கள் திடலில் நின்று கைகாட்டினால் கிடைக்காது. தொலைக்காட்சியில் பார்க்கும் அமெரிக்கத் தொழில்முறை ஆட்டத்தின் பழக்கம் அது. பயிற்றுநரோ முதல் துணைப் பயிற்றுநரோ மேசைக்குப் போய்க் கேட்க வேண்டும். கேட்டிருந்தால் 1 நிமிடம் கிடைத்திருக்கும், அந்த நிமிடத்தில் அணித்தலைவர் பிரதான நடுவரிடம் சென்று, "கூடை விழுந்தபோது 14 இருந்தது, இப்போது ஏன் குறைந்திருக்கிறது?" என்று மரியாதையாகக் கேட்டிருக்கலாம். பினாங்கில் இந்த விளையாட்டு பெரும்பாலும் சீனப் பள்ளிகளிலும் சங்க மண்டபங்களிலும் வளர்ந்தது. மேசையில் மாண்டரின் பேசுகிறார்கள் என்று நம் பிள்ளைகள் தயங்கி நின்றுவிடுகிறார்கள். மலாயில் ஒரே வாக்கியம் போதும், கடிகாரத்தை நோக்கி ஒரு விரல் போதும். அதைவிடப் பெரிய இலாபமும் இருந்தது: கடைசி 2 நிமிடத்தில், தன் பாதித் திடலிலிருந்து பந்தை எறிய வேண்டிய அணி டைம் அவுட் எடுத்தால், எதிரணியின் பாதியில் குறிக்கப்பட்ட கோட்டிலிருந்து எறிவதைப் பயிற்றுநர் தேர்ந்துகொள்ளலாம். 28 மீட்டர் திடலின் பாதியை ஓடாமலே கடந்துவிடலாம். டைம் அவுட் மிச்சம் இருந்தும் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு தோற்கும் பள்ளி அணிகளைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

இப்போது அந்த 300 ரிங்கிட். முறையீடு என்பது பெற்றோர் தரக்கூடியது அல்ல. ஆள் வைத்துத் தரக்கூடியதும் அல்ல. ஃபீபா விதியில் அணித்தலைவர் ஆட்டம் முடிந்த 15 நிமிடத்துக்குள் பிரதான நடுவரிடம் தெரிவித்து, புள்ளித்தாளில் அதற்கென்றே உள்ள கட்டத்தில் கையொப்பமிட வேண்டும். காரணத்தை 1 மணி நேரத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். எதற்கு முறையிடலாம் என்பதும் எழுதப்பட்டிருக்கிறது: நடுவர்கள் திருத்தாமல் விட்ட புள்ளிப் பிழை, நேரப் பிழை, 24 வினாடிக் கடிகாரப் பிழை, ஆட்டத்தை ரத்து செய்தல், வெற்றியை எதிரணிக்குக் கொடுத்துவிடுதல் போன்ற முடிவுகள், தகுதியற்ற ஆட்டக்காரரைச் சேர்த்தல். எச்சரித்தது சரியா, டெக்னிக்கல் பவுல் கொடுத்திருக்க வேண்டுமா என்ற நடுவரின் மதிப்பீடு அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் 8 வினாடி இருக்கிறது. பிரதான நடுவர் புள்ளித்தாளில் கையொப்பமிடும்வரை அதைத் திருத்தவும் முடிந்திருக்கும். அந்தக் கையொப்பத்தோடு வாசல் அடைபட்டுவிட்டது. உள்ளூர்ப் போட்டிகள் இந்தக் கால வரம்பைத் தம் விருப்பப்படி மாற்றி எழுதலாம், ஆனால் எட்டு நாள் அவகாசம் கொடுத்த விதித்தாளை நான் கண்டதில்லை.

இந்த மாதிரி ஆட்களை எனக்குத் தெரியும். தோற்ற அணியின் பெற்றோரைத்தான் தேடி வருவார்கள். வென்றவரிடம் அவர்களுக்கு வேலையில்லை. பெரிய பெயர் இரண்டைச் சொல்வார்கள், கைப்பேசியில் யாரோடோ எடுத்த படத்தைக் காட்டுவார்கள், "இன்றே கொடுத்தால்தான் முடியும்" என்பார்கள். வழக்கமாக இரண்டு வாரத்தில் "மேலிடம் ஒப்புக்கொள்ளவில்லை" என்ற செய்தி வரும், பணம் வராது. முறையீட்டுக்குக் கட்டணம் உண்டு என்பது உண்மை. அதனால்தான் இவர்கள் சொல்வது நம்பும்படி இருக்கிறது. அந்தக் கட்டணத்தை அணி நேரடியாக ஏற்பாட்டாளரிடம் செலுத்தும், ரசீது தரப்படும், தொகை விதித்தாளில் அச்சிடப்பட்டிருக்கும். தனி மனிதரின் வங்கிக் கணக்குக்குப் போகும் கட்டணம் எந்த விதியிலும் இல்லை. உங்களிடம் பேசியவரிடம் ரசீது கேட்டுப் பாருங்கள். அடுத்த அழைப்பு வராது.

இந்த வாரம் நீங்கள் செய்யக்கூடியது, பொறுப்பாசிரியரைச் சந்தித்து இரண்டைக் கேட்பது: போட்டியின் விதித்தாளில் கடைசி நிமிடக் கடிகாரம் பற்றி என்ன எழுதியிருக்கிறது, அன்று நேரக்காப்பாளராக அமர்ந்தவர் பயிற்சி பெற்றவரா. இரண்டுக்கும் எழுத்தில் பதில் வாங்கி, அடுத்த ஆண்டுப் போட்டிக்கு அணியைப் பதிவு செய்வதற்கு முன் ஏற்பாட்டாளருக்குப் பள்ளியின் பெயரில் கடிதம் அனுப்பச் சொல்லுங்கள். மறு ஆட்டம் கிடைக்காது.